ஹரிலால் கொடுத்த ஆரஞ்சு

காந்தியின் மூத்த மகன் ஹரிலாலை (1888–1948) 'குடிகாரப் பிள்ளை' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் பலமுறை சிறை போனவர் அவர். லண்டனில் சட்டம் படிக்க ஆசைப்பட்டார், அப்பா சம்மதிக்கவில்லை. 1911-ல் வீட்டை விட்டுக் கிளம்பினார். 1918-ல் மனைவி குலாப் இறந்தபிறகு மொத்தமாகச் சரிந்துபோனார்.

ஆனாலும் இடையிடையே திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார் மனுஷன். ஒருமுறை கட்னி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது, கந்தல் உடையோடு வந்து கஸ்தூர்பாவிடம் ஒரு ஆரஞ்சை நீட்டினாராம். அம்மா மட்டும்தான் சாப்பிடணும் என்று கண்டிஷன் வேறு! 1944 பிப்ரவரியில் ஆகா கான் மாளிகைக் காவலில், மரணப்படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்கவும் வந்தார், குடித்துவிட்டு. அந்தக் கோலத்தைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சில நாளில் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு ஆரஞ்சு கொடுக்க ஹரிலாலுக்கு யாரும் இல்லை. காந்தி சுடப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1948 ஜூன் 18 அன்று பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் அவரும் இறந்தார்.