செயலாராய்ச்சி

செயல், ஆராய்ச்சி இரண்டும் சேர்ந்த சொல். பி.எட். படித்தவர்கள் பெரும்பாலும் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பார்கள். 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர் கர்ட் லெவின், 1946இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இதன் ஆங்கில மூலம் உண்டு. திட்டமிட்டு, செய்து, விளைவைப் பார்த்து, மறுபடி திட்டமிடும் சுழற்சி அது. பள்ளிகளுக்கு அதைக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி. அவர் நூல் 1953இல் வந்தது.

ஆராய்பவர் பள்ளிக்கு உள்ளேயே இருப்பவர். விசேஷம் அதுதான்.

காலை வழிபாட்டுக்குப் பிந்தி வரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் சுற்றறிக்கை விடுமுன் இரண்டு வாரம் நோட்டும் கையுமாக வாசலில் நிற்கிறார். பலரும் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். நேரத்தை மாற்றக் கேட்டுப் பணிமனைக்கு மனு போகிறது. பஸ் நேரம் மாறியதும் மறுபடி வாசல், மறுபடி நோட்டு.