வெப்பமானியும் காடும்: மலைப்பைன் வண்டு பற்றிய கணிப்புகளின் வரலாறு

மேற்கு வட அமெரிக்காவின் பைன் காடுகளை அழிக்கும் மலைப்பைன் வண்டு அரிசிமணி அளவே இருக்கும். அதை அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ், ஆண்டு 1902. வடக்கே ஒரு பாகை அட்சரேகை செல்லச் செல்ல, அல்லது 400 அடி மேலே ஏற ஏற, வசந்தகால நிகழ்வுகள் சுமார் 4 நாள் தாமதமாகும் என்ற விதியை 1918இல் வெளியிட்டவரும் அவரே. பூச்சியின் நாட்காட்டியை இடத்தின் வெப்பநிலையிலிருந்து கணக்கிடலாம் என்ற எண்ணம் இத்துறையில் அங்கிருந்தே வேரூன்றியது. அந்த எண்ணம் எங்கே பலித்தது, எங்கே தவறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வண்டின் பலம் கூட்டத்தில் இருக்கிறது. நலமான பைன் மரம் பிசினைச் சுரந்து, துளையிட்டு வரும் வண்டுகளை வெளியே தள்ளிவிடும். ஆனால் முதலில் துளைத்த பெண் வண்டு வெளியிடும் வாசனைப் பொருள் சில நாட்களில் நூற்றுக்கணக்கான வண்டுகளை அழைத்துவிட்டால் மரத்தின் பிசின் தீர்ந்துபோகிறது. வண்டு சுமந்துவரும் நீலப் பூஞ்சை நீரோட்டத்தை அடைக்கிறது. ஆகவே வண்டுகள் ஒரே சமயத்தில் முதிர்ந்து பறப்பது அவற்றுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம்.

1975இல் கனடிய வனத்துறை ஆய்வாளர் லெஸ் சாஃப்ரானிக்கும் குழுவினரும் வகுத்த காலநிலைப் பொருத்தக் கணக்கில், குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் என்பது முக்கிய எல்லை. நடுக்குளிரில் அந்த அளவு குளிர் பட்டைக்கடியில் உள்ள புழுக்களைப் பெருமளவில் கொன்றுவிடும். புழுக்கள் கிளிசரால் சேர்த்துக் குளிருக்குத் தயாராகும் முன், இலையுதிர்காலத்திலேயே உறைபனி வந்தால் அதைவிடக் குறைந்த குளிரே போதும்.

1990களில் ஜெஸ்ஸி லோகன், பார்பரா பென்ட்ஸ், ஜேம்ஸ் பவல் ஆகியோர் கணக்கை நுட்பமாக்கினர். முட்டை முதல் முதிர்வண்டு வரை ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி வெப்பத் தேவை உண்டு. வெப்பம் குறைந்தால் ஒரு தலைமுறைக்கு இரண்டு ஆண்டு ஆகும். அளவோடு இருந்தால் ஓராண்டுச் சுழற்சி சீராகும். மிஞ்சினால் ஒத்திசைவே குலையும். சூடேறினால் பூச்சி பெருகும் என்ற எளிய கருத்தை இது உடைத்தது. கொலராடோவில் ஆண்டுக்கு இரு தலைமுறை கண்டதாக ஜெஃப்ரி மிட்டனும் ஸ்காட் ஃபெரன்பெர்க்கும் 2012இல் எழுதியபோது, அதற்குத் தேவையான வெப்பம் அங்கு கிடைக்கவில்லை என்று பென்ட்ஸும் பவலும் மறுத்தனர். மறுப்பே வலுவானது என்பது என் கருத்து.

இதற்கிடையே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய பெருக்கம், சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டது. குளிர் தணிந்தது ஒரு காரணம். காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்துவந்ததால் முதிர்ந்த லாட்ஜ்போல் பைன் மிகுந்து கிடந்தது மற்றொன்று. வெப்பநிலை அட்டவணைகளில் இந்த இரண்டாவது காரணத்துக்கு இடமே இல்லை. மாகாணத்தின் வணிகப் பைன் மரங்களில் 80% வரை மடியும் என்று தொடக்கத்தில் கணித்தார்கள். மடிந்தவை பாதிக்குச் சற்று மேல். கலப்புக் காடுகளும் இளம் மரங்களும் வண்டின் வேகத்தைக் குறைத்தன.

2006இல் காற்றோடு ராக்கி மலைத்தொடரைத் தாண்டி வண்டுகள் ஆல்பர்ட்டாவில் பெருந்திரளாக இறங்கின. அவை ஜாக் பைனையும் தாக்குவதை 2011இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. ஜாக் பைன் அட்லாண்டிக் கரை வரை பரவியிருப்பதால் கண்டம் முழுவதும் ஆபத்து என்ற அச்சம் எழுந்தது. ஆனால் 2019 பிப்ரவரியின் கடுங்குளிருக்குப் பின் ஆல்பர்ட்டாவில் வண்டுத்தொகை சரிந்தது. தாக்குண்ட மரங்களை அரசு ஆண்டுதோறும் வெட்டி எரித்தும் வந்ததால், சரிவில் குளிரின் பங்கு எவ்வளவு, கோடரியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

கணிப்பு கச்சிதமாகப் பலித்த இடம் வேறு. மலையுச்சியில் வளரும் வெண்பட்டைப் பைனுக்குக் குளிரே அரண். வெப்பம் கூடினால் அது இடியும் என்று லோகனும் பவலும் 2001இல் எழுதினர். அடுத்த பத்தாண்டுக்குள் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் அம்மரங்கள் பெருமளவில் மடிந்தன. அங்கு வண்டைத் தடுத்திருந்தது குளிர் ஒன்றே. அதனால் வெப்பக் கணக்கே போதுமாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரங்களின் வயதும் அடர்த்தியும் கணக்கில் குறுக்கிட்டன. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு வெண்பட்டைப் பைனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டபோது, முதற்காரணமாக அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு துரு நோய்ப் பூஞ்சையையும், அதனோடு இவ்வண்டையும் காட்டுத்தீயையும் காலநிலை மாற்றத்தையும் குறிப்பிட்டது.