குளம் உறைந்தால் ஆட்டம்!

கொல்லிமலை அரியூர் நாட்டில் மார்கழிக் குளிர் உடலை நடுக்கும். ஆனால் குளத்து நீர் உறைவதில்லை. இந்தியாவிலேயே லடாக்கின் லே நகரில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், குளமே ஆடுகளமாகிவிடுகிறது. எப்படி?

நீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியசில் மிக அதிகம். அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி, 0 டிகிரியில் உறைகிறது. பனிக்கட்டியும் மிதப்பதால் உறுதியான தளம் உருவாகிறது. அதன்மேல் சறுக்குக் காலணி அணிந்து, தட்டையான ரப்பர் வில்லையை மட்டையால் அடித்து ஆடுவதே ஐஸ் ஹாக்கி. லடாக் மக்களும் படைவீரர்களும் இதை இப்படித்தான் பழகினர்.

1989இல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பினராயிற்று. எனினும், தேசிய அணி முதல் பன்னாட்டுப் போட்டியில் ஆடியது 2009இல், அபுதாபியில்தான்! இயற்கைத் தளம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதமே நிலைக்கும். செயற்கைத் தளத்திற்கோ குளிர்பதனப் பொறிகளும் மின்சாரமும் ஓயாமல் வேண்டும். 2011இல் டேராடூனில் அமைந்த தளம் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது.

இந்நிலையிலும் பெண்கள் அணி 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்சை 4–3 என வென்று முதல் வெற்றி கண்டது; 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றது. இரண்டு மாதப் பனியில் இவ்வளவு என்றால், ஆண்டு முழுவதும் தளம் கிடைத்தால்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.