'டைடாக்டிக்' என்னும் அடைமொழியும் தமிழ் அறநூல்களும்

முன்னுரை

பதினெண்கீழ்க்கணக்கில் அமைந்த அறநூல்களை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவோர் பெரிதும் ஆளும் அடைமொழி 'டைடாக்டிக்' என்பதாகும். தில்லியில் 1954இல் நிறுவப்பெற்ற சாகித்திய அகாதெமி, மு. வரதராசனின் 'தமிழ் இலக்கிய வரலாறு' நூலை 1972இலும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1988இலும் வெளியிட்டது. தமிழறியாத பிறமொழி அறிஞர்க்கு இத்தகைய ஆங்கில நூல்களே நம் இலக்கியத்திற்கு வாயில்களாக உள்ளன. ஆதலின், ஆங்கிலத்தில் நாம் தேரும் அடைமொழி அவர்தம் மதிப்பீட்டையும் உருவாக்குகிறது. அவ்வடைமொழியின் பொருத்தத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில அடைமொழிகளின் வரலாறு

கற்பித்தலைக் குறிக்கும் ஆங்கில அடைமொழிகள் பல. 'இன்ஃபர்மேட்டிவ்' என்பது உருக்கொடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்தும், 'இன்ஸ்ட்ரக்டிவ்' என்பது கட்டியமைத்தல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்தும் தோன்றின. இன்று முன்னது செய்தி தருவதையும் பின்னது பயன்படும் பாடம் தருவதையும் சுட்டும்; இரண்டும் பாராட்டுச் சொற்களே. 'டைடாக்டிக்' என்பது கற்பித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. எசியோடு, உலுக்ரீசியசு, வர்ஜில் ஆகியோரின் செய்யுள்களை ஒரு வகைமையாகச் சுட்டியபொழுது அச்சொல்லில் இழிவு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1820இல் வெளிவந்த நாடகக் காப்பியத்தின் முன்னுரையில் ஷெல்லி, கற்பிக்கும் கவிதையைத் தாம் வெறுப்பதாக அறிவித்தார். எட்கர் ஆலன் போவின் கட்டுரை, அவர் மறைந்தபின் 1850இல் வெளிவந்து, அப்போக்கைக் கவிதைக்குப் புறம்பான பிழைக்கொள்கையாகச் சாடியது. அதன்பின் அச்சொல்லில் 'கலைநயம் குன்றிய உபதேசம்' என்னும் குறிப்பும் படிந்தது.

தமிழ் மரபு

தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்தார். ஆங்கிலத்தில் உள்ளதுபோன்ற பெயரடை அங்குத் தனிச்சொல்வகையாக இடம்பெறவில்லை. 'அறநூல்' என்பது பெயர்கள் இணைந்த தொகை. 'அறிவூட்டும் நூல்' என்பது பெயரெச்சத் தொடர். முன்னது நூல் நுவலும் பொருளையும், பின்னது அது செய்யும் தொழிலையும் கூறுகிறது. இரண்டிலும் மதிப்பீடு இல்லை.

மேலும், 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், மரத்தின் வளைவைத் தச்சன் நூலிட்டுப் போக்குவதுபோல மாந்தர்தம் மனக்கோட்டத்தைப் போக்குவது நூல் என விளக்குகிறார். அதாவது, திருத்துதல் நூலின் இயல்பாகவே கருதப்பட்டது. தனி அடைமொழி அதற்குத் தேவைப்படவில்லை. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துப் பெயர்களை நூல்கள் ஏற்றமையும் இக்கருத்தோடு ஒத்துச் செல்கிறது. மருந்து நோயாளியை இழிவுபடுத்துவதன்று. அறவுரையும் அத்தகையதே எனலாம்.

ஒற்றை அடைமொழியின் குறை

கீழ்க்கணக்கு நூல்கள் பதினெட்டனுள் அறநூல்கள் பதினொன்று; அகநூல்கள் ஆறு; புறநூல் ஒன்று. அப்பதினொன்றும் ஒரு தன்மையன அல்ல. ஆசாரக்கோவை நீராடல், உண்ணல் முதலிய அன்றாட ஒழுக்கங்களை விதிக்கிறது; அதனை 'இன்ஸ்ட்ரக்டிவ்' எனல் பொருந்தும். திருக்குறளிலோ 1330 குறட்பாக்களுள் 250 காமத்துப்பாலைச் சார்ந்தன. அவற்றில் தலைவன், தலைவி, தோழி ஆகியோரின் கூற்றுகள் நாடகப் பாங்கில் அமைந்துள்ளன. அவற்றை உபதேசம் எனல் இயலாது. 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் முதலிரு பால்களோடு நிறுத்திக்கொண்டமையும், 1886இல் ஜி.யு. போப் மூன்று பால்களையும் ஆங்கிலத்தில் தந்தமையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. முதலிரு பால்களை மட்டும் பயில்வோர்க்கு 'டைடாக்டிக்' பொருந்துவதுபோலத் தோன்றலாம். முழுநூலைப் பயில்வோர்க்கு அது போதாது.

முடிவுரை

'டைடாக்டிக்' என்பதை அறவே விலக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபன்று. பண்டைய வகைமைப்பெயர் என்ற அளவில் அதனை விளக்கத்துடன் ஆளலாம். ஆயினும் 'தர்மம்' என்பது மொழிபெயர்க்கப்படாமலேயே ஆங்கிலத்தில் வழங்குவதுபோல, 'அறம்' என்பதையும் அவ்வாறே வழங்கி, ஒவ்வொரு நூலின் இயல்புக்கேற்ற அடைமொழியைத் தேர்தல் நன்று. ஷெல்லியின் காலத்து வெறுப்பு, அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட நம் நூல்களுக்கு அளவுகோலாதல் முறையன்று.