இஞ்ஞாசியாரின் இரவும் லாரன்ஸின் அடுப்படியும்

நன்றி சொல்வதில் நம் கிறிஸ்தவ வீடுகளுக்குக் குறைச்சலே இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். ஆயிரம் ஸ்தோத்திரங்களை வரிசையாக அச்சிட்ட சிறு புத்தகம் பலர் வீட்டில் வேதாகமத்தோடு சேர்ந்தே கிடக்கும். நாக்குக்குப் பழகிப்போன இந்த நன்றிக்கு ஒரு நாளில் எந்த இடம்? பழையவர்களில் இரண்டு பேர் இதற்கு நேரெதிரான பதில்களைத் தந்திருக்கிறார்கள். ஒருவர் லொயோலா இஞ்ஞாசியார், மற்றவர் சகோதரர் லாரன்ஸ்.

இருவரும் போர்க்களத்திலிருந்து வந்தவர்கள். இருவருமே கால் தாங்கி நடந்தவர்கள். பாஸ்கு நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்த இஞ்ஞாசியாரின் காலை 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு நொறுக்கியது. லொரேன் பகுதியின் ஏழை வீட்டுப் பையன் நிக்கோலா எர்மான் முப்பதாண்டுப் போரில் காயப்பட்டவர். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் குருப்பட்டம் இல்லாத பணிச் சகோதரராகச் சேர்ந்து லாரன்ஸ் ஆனார். ஒற்றுமை அவ்வளவுதான். முன்னவர் இயேசு சபையை நிறுவி, 1556இல் இறக்கும்போது ஏறக்குறைய ஆயிரம் பேருக்குத் தலைவராக இருந்தார். பின்னவர் பதினைந்து வருடம் போலச் சமையற்கட்டில் கிடந்தார். பிறகு மடத்தாரின் செருப்புகளைத் தைத்துக் கொடுத்தார்.

இஞ்ஞாசியாரிடம் நன்றிக்கு நேரமும் வரிசையும் உண்டு. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் அவர் வகுத்த ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள். பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது முதல் படி. தன் பாவங்களை அறிய அருள் கேட்பது இரண்டாவது. எழுந்த நேரத்திலிருந்து மணிக்கு மணி நினைவையும் சொல்லையும் செயலையும் அலசுவது மூன்றாவது. பிறகு மன்னிப்பு, கடைசியில் திருந்தும் தீர்மானம். சபையில் படிக்கும் மாணவர்கள் இதை நாளுக்கு இருமுறை செய்ய வேண்டும் என்று சபையின் சட்ட நூலிலும் எழுதி வைத்தார்.

இந்த வரிசையில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. குற்றத்தைத் தேடப் போகிற மனிதனை அவர் முதலில் வரவுப் பக்கத்தைப் பார்க்க வைக்கிறார். இன்று யார் சோறு போட்டார்கள், யார் பேச்சில் ஆறுதல் கிடைத்தது, எந்த ஆபத்து விலகிப் போனது என்று பார்த்து முடித்தவனுக்குத் தன் பிழை வேறு மாதிரித் தெரியும். இவ்வளவு கொடுத்தவருக்கா இப்படிச் செய்தோம் என்று உறைக்கும். 1542இல் தன் தொடக்ககாலத் தோழர் சிமோன் ரொட்ரிகஸுக்கு எழுதிய கடிதத்தில் நன்றிகெட்டத்தனத்தையே எல்லாத் தீமைக்கும் ஊற்றாக அவர் சொல்கிறார். ஆனால் பின்னால் வந்தவர்கள் முதல் படியை அவசரமாகத் தாண்டி, மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஆன்ம சோதனை என்றாலே பாவப் பட்டியல் என்று ஆகிவிட்டது. 1972இல் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஆஷன்ப்ரென்னர் எழுதிய ஒரு கட்டுரை வந்த பிறகே நன்றிக்கு அதன் பழைய இடம் மெல்லத் திரும்பியது.

லாரன்ஸிடம் படியும் இல்லை, மணியும் இல்லை. அவர் முறைநூல் எழுதியவரும் அல்ல. பதினாறு கடிதங்கள், சில குறிப்புகள், ஜோசப் த போஃபோர் என்ற குரு அவரோடு பேசி எழுதி வைத்த உரையாடல்கள். 1691இல் அவர் இறந்த பிறகு அச்சேறியவை இவையே. ஜெப நேரமும் மற்ற நேரமும் தனக்கு ஒன்றுதான் என்கிறார் அவர். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக் கடவுள் மேலுள்ள அன்புக்காகவே செய்வாராம். வெந்து இறக்கியதும் கைவேலை எதுவும் இல்லையென்றால், அங்கேயே தரையில் விழுந்து, இதைச் செய்யும் அருளைத் தந்தவரை வணங்கிவிட்டு எழுவாராம். இத்தனைக்கும் சமையல் வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது! மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பியபோதும் இதே கதைதான். வியாபாரம் தெரியாது, தாங்கிய காலோடு படகில் பீப்பாய்கள் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. இது உம்முடைய காரியம் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். காரியமும் நன்றாகவே முடிந்தது.

தவறினால் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் தூரம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட குறையைக் களைய நினைப்பவருக்கு, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்து, நேற்றையும் இன்றையும் ஒப்பிடச் சொல்கிறார் இஞ்ஞாசியார். லாரன்ஸோ, நீர் விட்டுவிட்டால் நான் இப்படித்தான் என்று ஒத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். தவறாமல் இருந்தால், அதுவும் உம்முடையதே என்று நன்றி சொல்கிறார்.

குடும்பமும் வேலையுமாக ஓடுகிறவர்களுக்கு லாரன்ஸ்தான் ஏற்றவர் என்று சட்டென்று தோன்றும். கத்தோலிக்கத் துறவியான அவரைப் புராட்டஸ்டண்டுகள் விரும்பிப் படிப்பதற்கும், ஜான் வெஸ்லி போன்றவர்கள் பரிந்துரைத்ததற்கும் இந்த எளிமையே காரணமாக இருக்கலாம். எனக்கு அந்த எளிமை மேல் சந்தேகம் உண்டு. அடுப்படி நிம்மதி அவருக்குச் சும்மா வரவில்லை. தான் நரகத்துக்கே போவோம் என்று நாலு வருடம் நம்பித் தவித்தவர் அவர். முதல் பத்து வருடம் மிகவும் துன்பப்பட்டதாகக் கடிதத்தில் எழுதுகிறார். அந்தப் பாடு படாமல் "எல்லா நேரமும் ஜெபந்தான்" என்று தொடங்குகிறவருக்கு, கொஞ்ச நாளில் எந்த நேரமும் ஜெபம் இல்லை என்று ஆகிவிடும். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து, இன்று கிடைத்ததைப் பெயர் சொல்லி நினைக்கிற பழக்கம்தான் நம்மைப் போன்ற மறதிக்காரர்களுக்குக் கைகொடுக்கும்.

நோய் என்று வரும்போதும் என் ஓட்டு இஞ்ஞாசியாருக்கே. நோயாளி ஒருவருக்கு எழுதுகையில், வலி நீங்க ஜெபிக்கவில்லை, தாங்கப் பலம் கேட்கிறேன் என்கிறார் லாரன்ஸ். வலியையே கடவுள் தரும் மருந்தாக ஏற்கச் சொல்கிறார். தன் வலியைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் கட்டில் பக்கத்தில் நின்று "இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இஞ்ஞாசியாரும் வயிற்று வலியோடு நெடுங்காலம் வாழ்ந்தவர்தான். ஆனால் ஸ்பானியப் பிரபு பிரான்சிஸ் போர்ஜியா கடும் நோன்பால் உடம்பைக் கெடுத்துக்கொண்டபோது, 1548இல் அவருக்கு எழுதிய கடிதம் வேறு தொனியில் இருக்கிறது: நோன்பைக் குறைத்து நன்றாகச் சாப்பிட்டு வயிற்றைத் தேற்றிக்கொள்ளும், ஆன்மாவைப் போலவே உடம்பும் படைத்தவருடையது, அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று.