மஞ்சள் உடலமும் ஒரு சொல்லின் பிறப்பும்

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில் கருமுட்டை எடுக்கப்பட்ட பின், ஊசியாகவோ பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையாகவோ பெண்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது புரோஜெஸ்டிரோன். 'லூட்டியல் கட்ட ஆதரவு' என்று மருத்துவர்கள் குறிக்கும் இந்தச் சிகிச்சையின் இரு சொற்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

சூலகத்தில் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் திரட்சியை 1672இல் நெதர்லாந்தின் தெ கிராஃப் விவரித்தார். இத்தாலியரான மால்பிகி அதற்குக் 'கார்பஸ் லூட்டியம்', அதாவது மஞ்சள் உடலம், எனப் பெயரிட்டார். நிறத்தைக் கண்டு வைத்த பெயர் அது. செயல் விளங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அதைக் கருவுக்காகக் கருப்பையைப் பக்குவப்படுத்தும் சுரப்பியாக முதலில் கருதியவர், பிரெஸ்லாவ் நகரின் கருவியலாளர் குஸ்தாவ் போர்ன். அவர் 1900இல் மறைந்தார். அக்கருத்தைச் சோதித்த மகப்பேற்று மருத்துவர் லுட்விக் ஃபிரெங்கல், கருவுற்ற முயல்களில் மஞ்சள் உடலத்தை அழித்தால் கரு நிலைப்பதில்லை என்று 1903இல் காட்டினார்.

1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கார்னரும் வில்லார்ட் ஆலனும், சூலகம் அகற்றப்பட்ட முயல்களின் கருவை மஞ்சள் உடலச் சாற்றைக் கொண்டே காத்தனர்; அதிலுள்ள பொருளைப் 'புரோஜெஸ்டின்' என்றனர். 1934இல் நான்கு குழுக்கள் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தன. ஜெர்மானியர் 'லூட்டியோஸ்டிரோன்' என்ற பெயரை விரும்பினர். 1935இல் லண்டனில் இரு பெயர்களும் இணைந்து 'புரோஜெஸ்டிரோன்' பிறந்தது. கருவைத் தாங்குதல் என்னும் பொருள் முற்பகுதியில் நின்றது. வேதியியல் பிற்பகுதியில் அமர்ந்தது.

பெயர் உடன்பாட்டை எட்டிய அதே காலத்தில் ஆய்வாளர்கள் சிதறினர். யூதரான ஃபிரெங்கல் நாஜி ஆட்சியில் பதவியிழந்து உருகுவேக்குப் புலம்பெயர்ந்தார். நால்வர் குழுக்களுள் ஒன்றை நடத்திய அவர் மருமகன் கார்ல் ஸ்லோட்டா 1935இல் பிரேசில் சென்றார். மற்றொரு குழுவின் தலைவரான புட்டனாண்டுக்குப் பாலின ஹார்மோன் ஆய்வுகளுக்காக 1939இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. மருந்துகளால் சூலகத்தைத் தூண்டிய பெண்களுக்கு லூட்டியல் கட்டம் சுருங்கிவிடுவதை எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ, பர்டி ஆகியோர் கண்டனர். தூண்டலைத் தவிர்த்து, இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒற்றைக் கருமுட்டையிலிருந்தே 1978இல் லூயிஸ் பிரவுன் பிறந்தார். பல கருமுட்டைகள் வேண்டித் தூண்டல் மீண்டும் வழக்கமானபோது, உடல் சுரக்கத் தவறுவதை வெளியிலிருந்து தர வேண்டியதாயிற்று. கருவுற்ற ஏழு முதல் ஒன்பது வாரங்களுக்குள் நச்சுக்கொடி அப்பணியை ஏற்கும் வரை அந்தத் தேவை நீடிக்கிறது.

இன்று மருந்துச் சீட்டில் அச்சொல்லை வாசிக்கும் பெண்ணுக்குப் பிரெஸ்லாவ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவள் காத்திருக்கும் அந்தச் சில வாரங்களுக்குத் துணைநிற்பது, நாடிழந்தோரின் உழைப்பையும் அடித்தளமாகக் கொண்ட மருந்து.