கூலி என்னும் சொல்

உழைத்துப் பொருள் பெறுவதைக் குறிக்கும் ‘ஏர்ன்’ என்னும் ஆங்கில வினையின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுவோர், கதிர் அறுக்கும் வயலிலே போய் நிற்பார்கள். ஜெர்மன் மொழியில் அறுவடைக்கு இன்றும் வழங்கும் ‘எர்ன்டெ’ என்பதும், பழைய கோத்திக் மொழியில் அறுவடைக் காலத்தைக் குறித்த ‘அசன்ஸ்’ என்பதும் அதன் உறவினங்களே. நம் ‘ஏர்’ என்னும் சொல்லோடு அதனை முடிச்சிடும் ஆசை எவருக்கும் எழக்கூடும். ஆயினும் அது ஓசை ஒப்புமையேயன்றி வேறில்லை.

தமிழில் நாம் அவ்வினைக்கு ஈடாக வழங்கும் ‘சம்பாதி’ என்பது, நிறைவேற்றுதல், கைகூடச் செய்தல் என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது. ‘சம்பளம்’ என்பதைச் சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் சேர்ந்த சொல்லாகப் பலர் கூறுவர். வழிநடைக்கு வேண்டிய உணவைக் குறிக்கும் ‘சம்பலம்’ என்னும் வடசொல்லே அதன் மூலம் என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. கடல் கடந்து மலாயாவின் பேராக் மாநிலத்துக்கு வந்த நம் முன்னோர்க்கு, கட்டுச்சோறாகிய அப்பொருள் எவ்வளவு பொருத்தம்!

ஆனால் அவர்களுக்கு வாய்த்த சொல் ‘கூலி’. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இதே உருவில் நின்று, செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் தொன்மையான சொல் இது. முயற்சியின் பயனைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே வள்ளுவர் இதனை எவ்வளவு கௌரவத்தோடு எடுத்தாண்டிருக்கிறார்! ‘கூலிக்கு மாரடித்தல்’ என்று நம்மவரே அதனைச் சிறுமைப்படுத்தியதும் உண்டு. எனினும் அப்பொழுதும் அது பெறுகின்ற பொருளின் பெயராகவே இருந்தது. ஐரோப்பியர் வாயில் புகுந்தபின் பெறுகின்ற மனிதனுக்கே அது பெயராகிவிட்டது. கூர்ச்சரத்துக் கோலி இனத்தாரின் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். அவ்வாறே கொண்டாலும், நம் சொல் அதனோடு கலந்ததை மறுப்பதற்கில்லை. மலாய் மொழியிலும் ‘கூலி’ என்றால் ஆள்தான். ஊதியத்துக்கு ‘ஊப்பா’ என்ற வேறு சொல் உண்டு.

பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் நகர், தெலுக் ஆன்சன் என்று வழங்கிய காலத்தில், 1906-இல் டேனிஷ்காரரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா முதலாக இவ்வட்டாரத்தில் எழுந்த ரப்பர்த் தோட்டங்களிலே, கணக்கெழுதும் கிராணி பெற்றது சம்பளம், பால்வெட்டுக்காரி பெற்றது கூலி. 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்த 1930-இல் அது முறையே 40 ஆகவும் 32 ஆகவும் குறைக்கப்பட்டது. இருள் பிரியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, ஆடவனைப் போலவே மரம் சீவிப் பால் சுமந்தவளுக்கு அந்த எட்டுக் காசு ஏன் குறைந்தது என்பதற்கு நியாயமான விடை எதுவும் இல்லை. ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணிக்கோ, அவன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் தலைக்காசு உண்டு; ஒருவன் வியர்வையில் மற்றொருவன் அறுவடை செய்த ஏற்பாடு அது.

தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954-இல் அமைந்தபோது, ‘தொழிலாளர்’ என்ற பெயரே அதன் முகப்பில் நின்றது. மனிதனைக் குறித்த ‘கூலி’ பொறுப்புள்ள எழுத்திலிருந்து மறைய வேண்டியதே; ஊதியத்தைக் குறிக்கும் ‘கூலி’யை மட்டும் நாம் வெட்கப்பட்டுக் கைவிடுதல் ஆகாது.